"அன்டில் ஃப்ரைடே" என்று பையர் மெயில் போட்டால் என்ன அர்த்தம்?

நூல்கண்டு

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மன் பையரிடமிருந்து இன்று காலை ஒரு மெயில். அதில் ஒரு வரி: "ப்ளீஸ் சென்ட் த ஃபிட் சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே."

ஆபீஸில் ஆளுக்கொரு பொழிப்புரை. வெள்ளிக்கிழமை நம் கையை விட்டு கூரியர் போனால் போதும் என்கிறார் சாம்பிள் செக்‌ஷன் அண்ணன். வெள்ளிக்கிழமை அவர் மேஜையில் பெட்டி இருக்க வேண்டும் என்கிறார் மேனேஜர். வெள்ளி வரை தினமும் அனுப்பச் சொல்கிறார் என்று ஒருவர் சொன்னார். அவர் கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

இதோடு இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. பதிலில் நான் "வி வில் சென்ட் இன் த்ரீ டேஸ்" என்று எழுதியிருந்தேன். மேனேஜர் "இன்" என்பதை அடித்துவிட்டு "வித்தின்" போட்டார். இரண்டும் ஒன்றுதானே? மெயிலில் மற்றதெல்லாம் கடகடவென்று வந்துவிடுகிறது. ஃபார், சின்ஸ், இன், பை, டில் என்று காலத்தைச் சொல்லும் இந்தச் சின்னச் சொற்களிடம் வரும்போதுதான் கை நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்னிருக்கை

தினம் ஒரு சாம்பிள் அனுப்பிப் பாருங்கள். வெள்ளிக்கு முன்னாலேயே விளக்கம் வந்துவிடும்.

ரைன்கரை

கொலோனில் இருந்து எழுதுகிறேன். இந்த மாதிரி மெயில் எனக்கும் தினப்படி வருவதுதான். எழுதியவர் மனதில் ஓடியது "பிஸ் ஃப்ரைடாக்". ஜெர்மனில் "பிஸ்" ஒரே சொல்தான். கடை வெள்ளி வரை திறந்திருக்கும் என்பதற்கும் அதுதான், வெள்ளிக்குள் அனுப்பு என்பதற்கும் அதுதான். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் அவர்களுக்கு முதலில் அன்டில்தான் வரும். அவர் கேட்டது "பை ஃப்ரைடே". கெடு வைக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். "ஐ ஒர்க் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்பது நம்மூர்ப் பிழை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கேயும் அதே வாக்கியம்தான். அவர்களுடைய "ஸைட்" என்ற சொல், ஆரம்பித்த தேதிக்கும் வரும், ஆன காலத்துக்கும் வரும். வினையும் நிகழ்காலத்திலேயே நிற்கும்.

செவ்வந்தி டீச்சர்

ரைன்கரை தம்பி நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவள். இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மன்காரர் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் இடத்தில் தமிழுக்குக் குழப்பமே இல்லை. "வெள்ளிக்கிழமை வரை லீவு" என்கிறோம். "வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டு" என்கிறோம். தொடர்ந்து நீளுவதற்கு "வரை", ஒரு தடவை செய்து முடிக்க வேண்டியதற்கு "க்குள்". ஆங்கிலத்தில் முன்னது அன்டில், பின்னது பை. "வெள்ளிக்கிழமை வரை ஃபீஸ் கட்டு" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ஆனால் "வெள்ளிக்கிழமை வரை கட்டலாம்" என்று சொல்லும். ஏனென்றால் அங்கே நீளுவது கட்டுகிற வேலை இல்லை, கட்டலாம் என்கிற அனுமதி. ஆங்கிலத்திலும் அப்படியே "யூ கேன் பே அன்டில் ஃப்ரைடே" சரி. "ப்ளீஸ் பே அன்டில் ஃப்ரைடே" தப்பு.

ஃபார், சின்ஸ் கதையும் இதேதான். "மூன்று வருஷமாக" என்றால் ஃபார். "2021லிருந்து" என்றால் சின்ஸ். இரண்டுக்கும் தமிழில் தனித்தனி உருபு இருக்கிறது. இந்தியில் "தோ சால் ஸே" என்றாலும் "ஸே", "2021 ஸே" என்றாலும் "ஸே". அதனால் "சின்ஸ் டூ இயர்ஸ்" அவர்களுக்கு இயல்பாக வரும். நம் பிள்ளைகள் அதை எழுதுவது சுற்றிலும் கேட்ட பழக்கத்தால்தான் என்பது என் எண்ணம். தமிழைக் கேட்டு எழுதினால் வராது.

தமிழ் நம்மைத் தள்ளிவிடுகிற பள்ளங்கள் வேறு. முதலாவது வினை. "மூன்று வருஷமா இங்கே இருக்கேன்" என்பதை அப்படியே "ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று எழுதினால், ஃபார் சரியாக விழுந்தும் பொருள் மாறிவிடும். கேட்கிற ஆங்கிலேயர், இவர் மொத்தம் மூன்று வருஷம் தங்கப்போகிறார் போல என்று நினைத்துக்கொள்வார். வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று புரிய "ஹேவ் பீன்" வேண்டும்.

இரண்டாவது, "ரெண்டு நாளைக்கு முன்னாடி பார்த்தேன்." இதை "பிஃபோர் டூ டேஸ்" என்று எழுதாத தமிழ்ப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. இது அசல் தமிழ்ப் பிழை. வர வேண்டியது "டூ டேஸ் அகோ". இதில் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் முன்னால் நிற்காமல் காலத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிற அபூர்வமான சொற்களில் அகோ ஒன்று. கழிந்துபோன என்று பொருள்பட்ட பழைய வினையெச்சம் போன்ற வடிவத்திலிருந்து வந்தது. நம் "முன்பு" நிற்கிற அதே இடத்தில்தான் நிற்கிறது. கையில் கிடைத்த ஒரே தமிழ்த்தனமான சொல்லை விட்டுவிட்டு பிஃபோரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

வாதாபி

டீச்சர் மன்னிக்கணும். புரிந்தால் போதாதா? "டென் டேஸ் பேக்" என்று இந்தியா முழுக்க எழுதுகிறோம், வேலை நடக்கிறது. "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்" என்று ஒருவர் எழுதினால் உலகத்தில் யாருக்குப் புரியாமல் போகும்? இங்கிலாந்துக்காரர் "அட் த வீக்கெண்ட்" என்கிறார், அமெரிக்கர் "ஆன் த வீக்கெண்ட்" என்கிறார். "ஐ ஹேவன்ட் சீன் ஹிம் ஃபார் இயர்ஸ்" என்று அவர் சொன்னால், இவர் ஃபாரை எடுத்துவிட்டு "இன் இயர்ஸ்" என்பார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டா இருக்கிறார்கள்? நாம் மட்டும் ஏன் சிவப்பு மையோடு அலைய வேண்டும்?

செவ்வந்தி டீச்சர்

"டென் டேஸ் பேக்" விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. விடைத்தாளில் கூட நான் விட்டுவிடுவேன்.

பனங்கிழங்கு

நான் டொரொண்டோவில் ஆஸ்பத்திரி நர்ஸ், ஊர் யாழ்ப்பாணம். வாதாபி அண்ணை சொல்வதில் பாதி சரி. காதில் உறுத்துகிற பிழை வேறு, தேதியை நகர்த்துகிற பிழை வேறு. முதலாவதை விடலாம். இரண்டாவதை எங்கள் வேலையில் விட ஏலாது.

வீட்டுக்கு விடும்போது டொக்டர் எழுதித் தருகிற கடதாசியில் "ஃபாலோ அப் இன் டூ வீக்ஸ்" என்று இருக்கும். எங்கட சனத்தில் ஒரு வீட்டில் அதை "ரெண்டு கிழமைக்குள்ள வரட்டாம்" என்று விளங்கிக்கொண்டு நாலாம் நாளே ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தையல் வெட்டுகிற பருவமே வரவில்லை. பனிக்குள் அவ்வளவு தூரம் வந்த மனுசனைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகப் போச்சுது. டொக்டர் சொன்னது ரெண்டு கிழமை கழித்து. எதிர்காலத்தில் "இன் டூ வீக்ஸ்" என்றால் அந்தக் காலம் முடிகிற இடம், ஏறக்குறைய. "வித்தின் டூ வீக்ஸ்" என்றால் நாளைக்கும் வரலாம், பதின்மூன்றாம் நாளும் வரலாம், தாண்டக்கூடாது. நூல்கண்டு, உங்கட மேனேஜர் திருத்தினது சரி.

இன்னொரு சொல், யாரும் இன்னும் எடுக்கவில்லை: ஓவர். ட்ரிப்பில் ஏற்றுகிற மருந்துக்கு "ஓவர் 60 மினிட்ஸ்" என்று எழுதியிருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே என்று அர்த்தமில்லை, ஒரு மணித்தியாலம் முழுக்கப் பரவலாக, மெல்ல மெல்ல ஏற்றவேண்டும் என்று அர்த்தம். வான்கோமைசின் என்று ஒரு அன்டிபயோட்டிக் இருக்கிறது. அதைக் குறைந்தது ஒரு மணித்தியாலம் எடுத்து ஏற்றவேணும். பத்து நிமிசத்தில் ஓடவிட்டால் முகம், கழுத்து, நெஞ்செல்லாம் சிவந்து அரிக்கத் தொடங்கும், பிரஷரும் விழலாம். இந்த இடத்தில் "ஃபார்" போட்டாலும் ஒருமாதிரி விளங்கும். ஆனால் அளவு முழுவதையும் அந்த நேரத்துக்குள் பிரித்துப் பரப்பு என்கிற கருத்து ஓவரில்தான் இருக்கிறது. "ஓவர் த லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்" என்று கம்பெனி அறிக்கைகளில் வருவதும் இதே ஓவர்தான்: கொஞ்சம் கொஞ்சமாக, அந்த ஐந்து வருசத்தின் ஊடாக.

நூல்கண்டு

பனங்கிழங்கு அக்கா, அருமை. ஆனால் ஒரு சந்தேகம். "ஐ ஃபினிஷ்ட் த ரிப்போர்ட் இன் டூ டேஸ்" என்றும் எழுதுகிறோமே? அங்கே இன் என்பதற்கு "இரண்டு நாள் கழித்து" என்று பொருள் இல்லையே.

செவ்வந்தி டீச்சர்

ஆமாம், இன் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, இன்றிலிருந்து எண்ணி எப்போது என்பது. மற்றது, ஒரு காரியத்தை முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்பது.

பின்னதற்கு 1957ல் ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவப் பேராசிரியர் வினைகளையும் காலத்தையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மொழியியல் படிப்பவர்கள் இன்றும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறார்கள். ஓடுவது, தேடுவது, பேசுவது எல்லாம் முடிவுப்புள்ளி இல்லாத செயல்கள். இவற்றுக்கு ஃபார். வீடு கட்டுவது, ஒரு கடிதத்தை எழுதி முடிப்பது, ஒரு மைல் ஓடுவது எல்லாம் முடிவுப்புள்ளி உள்ளவை. இவற்றுக்கு இன். "ஒரு மணி நேரம் ஓடினேன்", "ஒரு மைலைப் பத்து நிமிஷத்தில் ஓடினேன்." பார்த்தீர்களா, தமிழ் தானாகவே பிரித்துவிட்டது. உருபு இல்லாமல் வந்தால் ஃபார், "இல்" ஒட்டினால் இன். எனக்குப் பாடத்திட்டம் வகுக்கிற அதிகாரம் இருந்தால் ஃபார், சின்ஸ் அட்டவணையைக் கிழித்துவிட்டு முதல் வகுப்பில் இதைத்தான் நடத்துவேன்.

ஆனால் நம் "இல்" சில இடங்களில் இன் மாதிரியே வழுக்கும். "ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்றால் நாளைக்கே வந்தாலும் பொய்யில்லை, மறுநாள் வந்தாலும் பொய்யில்லை. அதனால்தான் பனங்கிழங்கு சொன்ன அந்த வீட்டார் அப்படிப் புரிந்துகொண்டார்கள்.

கடந்த காலக் கதைக்குள் எண்ணும்போது இன் வேண்டாம். "அவர் 10ஆம் தேதி வந்தார், மூன்று நாள் கழித்துக் கிளம்பினார்" என்பதற்கு "த்ரீ டேஸ் லேட்டர்" அல்லது "ஆஃப்டர் த்ரீ டேஸ்". பலரும் "ஐ வில் கால் யூ ஆஃப்டர் டென் மினிட்ஸ்" என்று எழுதுகிறார்கள். தப்பென்று அடிக்க மாட்டேன். ஆனால் பத்து நிமிஷத்துக்குப் பிறகு என்றால் சாயங்காலமும் பிறகுதானே?

பின்னிருக்கை

அதை நம்பித்தான் நான் அப்படி எழுதுகிறேன்.

எல்சி மாமா

வங்கியில் ஃபாரின் எக்ஸ்சேஞ்ச் பிரிவில் காலம் தள்ளி ரிட்டையர் ஆனவன். திருப்பூர், கரூர் பார்ட்டிகளின் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட், பணம் தருவதாகப் பையரின் வங்கி கொடுக்கும் உறுதி) டாக்குமெண்ட்டுகளைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி பவர் ஏறியது. நீங்களெல்லாம் இலக்கணத்தைப் பேசுகிறீர்கள். எங்கள் தொழிலில் இந்தச் சொற்களுக்கு அச்சிட்ட சட்டமே இருக்கிறது. யு.சி.பி. 600 என்று பெயர். சர்வதேச வணிகச் சபை வெளியிட்டது, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் மூன்றாவது ஆர்ட்டிகிளை ஒவ்வொரு மெர்ச்சண்டைசரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஷிப்மெண்ட் காலத்தைச் சொல்லும்போது டு, அன்டில், டில், ஃப்ரம், பிட்வீன் என்று எது வந்தாலும் குறிப்பிட்ட தேதியும் சேர்த்தி. பிஃபோர், ஆஃப்டர் வந்தால் அந்தத் தேதி சேராது. "ஷிப்மெண்ட் அன்டில் 15 மார்ச்" என்றால் 15ஆம் தேதி ஏற்றலாம். "பிஃபோர் 15 மார்ச்" என்றால் 14ஓடு சரி. 15ஆம் தேதியிட்ட பில் ஆஃப் லேடிங் (சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீது) கொண்டுவந்தால் டிஸ்கிரிபன்சி, அதாவது குறை, போட்டுவிடுவோம். அழுதாலும் நடக்காது.

இதில் ஒரு திருகு உண்டு. பணம் வரவேண்டிய தேதியைக் கணக்கிடும்போது மட்டும் ஃப்ரம் கட்சி மாறிவிடும். அங்கே ஃப்ரம், ஆஃப்டர் இரண்டுமே அந்தத் தேதியைச் சேர்க்காது. பில் ஆஃப் லேடிங் தேதி மார்ச் 1, "30 டேஸ் ஃப்ரம் பி.எல். டேட்" என்றால், 1ஐ விட்டுவிட்டு 2ஆம் தேதியை ஒன்று என்று எண்ணத் தொடங்க வேண்டும். மார்ச் 31ல் பணம். ஒரே சொல், ஒரே காகிதம், இரண்டு கணக்கு.

"ஆன் ஆர் அபௌட் 10 மார்ச்" என்றால் பேச்சுக்கு "பத்தாம் தேதி வாக்கில்" என்று தோன்றும். யு.சி.பி.யில் அது 5 முதல் 15 வரை, இரு முனையும் சேர்த்து. மாத ஆரம்பம் என்றால் 1 முதல் 10, நடு என்றால் 11 முதல் 20, கடைசி என்றால் 21 முதல் மாதம் முடியும் வரை. ப்ராம்ப்ட், இம்மீடியட்லி, ஆஸ் சூன் ஆஸ் பாஸிபிள் என்றெல்லாம் எழுதியிருந்தால், டாக்குமெண்ட்டிலேயே அதைக் காட்டு என்று கேட்டிருந்தாலொழிய, வங்கி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

கடைசியாக ஒன்று, இதில் அடிபட்டவர்கள் ஏராளம். எல்.சி. காலாவதியாகும் நாளில் வங்கிக்கு விடுமுறை என்றால், டாக்குமெண்ட்டை அடுத்த வேலை நாளில் கொடுக்கலாம். ஆனால் சரக்கு ஏற்றுவதற்கான கடைசித் தேதி அதனால் நீளாது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும்.

வாதாபி

மாமா, இதற்கு யாராவது டிகிரி கொடுக்கிறார்களா? இவ்வளவு விதி எழுதுவதற்குப் பதில் தேதியை ஒழுங்காகப் போட்டுத் தொலைக்கலாமே.

எல்சி மாமா

போட்டால் நல்லதுதான். போடாத எல்.சி.யும் வந்துகொண்டே இருந்ததே, அதற்குத்தான் விதி.

கருப்புக்கோட்டு

நான் வழக்கறிஞர். மாமா சொன்ன ஃப்ரம் கதைக்கு நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு பெரியப்பா இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 9. மத்தியச் சட்டங்களில் ஃப்ரம் என்று போட்டால் முதல் நாள் கழியும், டு என்று போட்டால் கடைசி நாள் சேரும். அடுத்த பிரிவு 10, நீதிமன்றமோ அலுவலகமோ கடைசி நாளில் மூடியிருந்தால், திறக்கிற அடுத்த நாளில் செய்தாலும் உரிய காலத்தில் செய்ததாகக் கொள்ளும்.

இதில் சுவையான வழக்கு செக் மோசடியில் வந்தது. செக் திரும்பினால் போடுகிறோமே, மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138. அதில் செக்கை வங்கியில் போடுவதற்கான காலக்கெடுவைச் சொல்லும் இடத்தில் ஃப்ரம் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் கட்டவில்லை என்றால் என்று சொல்லும் இடத்திலும், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்கிற பிரிவு 142லும் ஆஃப் இருக்கிறது. எஃப்பை ஒற்றையாகப் போட்டு எழுதுகிற ஆஃப்.

ஃப்ரம் என்றால் முதல் நாள் கழியும், சரி. ஆஃப் என்றால்? சட்டம் வேண்டுமென்றேதான் வேறு சொல்லைப் போட்டிருக்கிறது, அதனால் முதல் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடலாம் அல்லவா? வாதாடினார்கள். உச்ச நீதிமன்றத்திலேயே முந்தைய தீர்ப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி எழுந்து, மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2013ல் தீர்ப்பு வந்தது: இந்தப் பிரிவுகளில் ஆஃப், ஃப்ரம் இரண்டுக்கும் வேறுபாடு காட்ட வேண்டியதில்லை, முதல் நாளைக் கழித்தே எண்ண வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் முடியைப் பிளக்கிற வேலையாகத் தெரியும். ஆனால் வழக்குப் போடும் உரிமை அக்டோபர் 15ல் பிறக்கிறது, நவம்பர் 15ல் புகார் தாக்கலாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15ஐச் சேர்த்து எண்ணினால் நவம்பர் 14ஓடு கெடு போய்விட்டது. கழித்து எண்ணினால் புகார் உள்ளே. செக் தொகை எத்தனை லட்சமோ, அது அந்த ஒரு நாளில் தொங்குகிறது.

பின்னிருக்கை

பள்ளிக்கூடத்தில் இதற்கு அரை மார்க்தான் குறைத்தார்கள்.

கூட்ஸ்வண்டி

ரயில் டிக்கெட்டிலும் இதே சங்கதிதான். முன்பதிவு காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அறிவிப்பிலேயே "பயண நாள் நீங்கலாக" என்று போட்டிருந்தார்கள். அந்த இரண்டு சொல்லைக் கவனிக்காமல் எண்ணினால் பொங்கல் டிக்கெட்டுக்கு ஒரு நாள் பிந்தித்தான் உட்காருவோம். அதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருக்கும்.

ரைன்கரை

நூல்கண்டின் முதல் கேள்வியில் பாதி அப்படியே நிற்கிறது. கூரியர் கிளம்பும் நாளா, வந்து சேரும் நாளா? இதை பை, அன்டில் எதுவும் தீர்க்காது. வினைதான் தீர்க்கும். "சென்ட் பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்குள் அனுப்பு. "வி நீட் தெம் ஹியர் பை ஃப்ரைடே" என்றால்தான் வெள்ளிக்குள் வந்து சேர வேண்டும். எழுத்துப்படி பார்த்தால் உங்கள் சாம்பிள் செக்‌ஷன் அண்ணன் பக்கம்தான் நியாயம். ஆனால் அன்டிலையும் பையையும் மாற்றிப்போட்டவர் சென்டை மட்டும் அளந்து போட்டிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். கேட்டுவிடுங்கள். இங்கே யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தேதி கேட்பது இவர்களுக்குப் பிடித்த விஷயம்.

வெள்ளி சேர்த்தியா என்பதற்கும் ஜெர்மனில் தனிச் சொல் போட்டு எழுதுவதுண்டு, "பிஸ் ஐன்ஷ்லீஸ்லிஷ்" என்று. அது இல்லாவிட்டால் அவர்களுக்குள்ளேயே சில சமயம் தகராறு வரும்.

செவ்வந்தி டீச்சர்

நம் "க்குள்" மட்டும் யோக்கியமா? "வெள்ளிக்கிழமைக்குள் கட்டு" என்றால் வெள்ளியன்று கட்டலாமா கூடாதா என்று வருஷா வருஷம் பெற்றோர் கேட்கத்தான் செய்கிறார்கள். அரசாணைத் தமிழில் "அன்றோ அதற்கு முன்போ" என்று எழுதுவது படிக்கக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் "ஆன் ஆர் பிஃபோர்". வெறும் "பை ஃப்ரைடே" என்றாலும் வெள்ளி சேர்த்திதான். அந்த வெள்ளியில் எத்தனை மணி வரை என்பதுதான் கேள்வி.

நூல்கண்டு

பையரிடம் கேட்டுவிட்டேன். வந்து சேர வேண்டியது வெள்ளியாம். மேனேஜர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இன்றைக்கே கூரியர் கிளம்பிவிட்டது.

இன்னும் ஒரே ஒரு உதவி. பொங்கல் விடுமுறையை எல்லா பையர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். "வி ஆர் க்ளோஸ்ட் ட்யூரிங் ஃபோர் டேஸ் ஆன் பொங்கல்" என்று ஜூனியர் பையன் எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னவோ இடிக்கிறது. 14 முதல் 17 வரை லீவு.

செவ்வந்தி டீச்சர்

ட்யூரிங் எப்போது என்பதைச் சொல்லும், எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாது. அதனால் எண்ணோடு சேராது. "2015 டிசம்பர் வெள்ளத்தின்போது மூன்று நாள் கரண்ட் இல்லை" என்றால் வெள்ளத்துக்கு ட்யூரிங், மூன்று நாளுக்கு ஃபார். அவனுடைய வரியில் "ஃபார் ஃபோர் டேஸ்" வர வேண்டும்.

ஆன் என்பது ஒற்றை நாளுக்கு. தைப்பொங்கல் அன்று மட்டும் என்றால் "ஆன் பொங்கல் டே". நான்கு நாளும் சேர்ந்த பண்டிகைக்கு "ஃபார் பொங்கல்" என்றே எழுதலாம். "பொங்கலுக்கு லீவு" என்கிறோமே, அந்த "கு" அப்படியே ஃபாரில் போய் உட்காரும். "ஓவர் பொங்கல்" என்றும் எழுதலாம். அவர்கள் "ஓவர் கிறிஸ்துமஸ்" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள்.

லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி வந்தால் முன்னால் ஆன், இன், அட் எதுவும் வேண்டாம் என்று அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள். "ஆன் லாஸ்ட் மண்டே" என்று எழுதுகிற வயசாகத்தான் தெரிகிறது.

எல்சி மாமா

"ஃப்ரம் 14 டு 17" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். 17ஆம் தேதி ஆபீஸ் உண்டா என்று எவனாவது போன் போடுவான். அமெரிக்கப் பையர் இருந்தால் அவருக்கு "த்ரூ 17" என்று எழுதலாம், அதில் 17 சேர்த்தி என்று அவர்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ்காரருக்கு அது பழக்கமில்லை. ஒரே மெயில் எல்லோருக்கும் போகிறதென்றால் திறக்கிற நாளைச் சொல்லுங்கள். "க்ளோஸ்ட் ஃபார் பொங்கல், 14 டு 17 ஜனவரி. வி ரீஓப்பன் ஆன் 18 ஜனவரி." வருஷத்தையும் கிழமையையும் கூடவே போடுங்கள்.

நூல்கண்டு

மாமா, 18 ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

எல்சி மாமா

அப்போது 19, மண்டே.